துரைக்கு மூச்சு வாங்குகிறது

முஹ்சினா ஒரு ஷூ டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். மகள் ருக்ஸாரின் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு எடுத்த ஷூவின் டப்பா அது. கெட்டி அட்டையாக இருக்கிறதே என்று எடுத்துவைத்து, இத்தனை வருஷமும் நூல்கண்டும் பித்தானும் போட்டுப் புழங்கிவந்தாள். இப்போது அவற்றை ஒரு தட்டில் கொட்டிவிட்டு, அடியில் பழைய துப்பட்டாவை நாலாக மடித்து விரித்திருந்தாள். பக்கத்துக்கு ஐந்தாறு ஓட்டை போதும் என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் கூண்டுப் பக்கம் பார்வை போகும்போதெல்லாம் கை தானாக இன்னொரு ஓட்டை போட்டது. கூண்டின் அடித்தட்டில் துரை கண்ணை அரைவாசி மூடி, இறகையெல்லாம் உப்பவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாய் திறந்தே இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது. கிட்டே போய்க் காது கொடுத்தால் எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது.

துரை என்பது அதன் நடைக்காக வைத்த பெயர். பச்சைக்கிளி என்றால் பறக்கும் என்று நினைக்கிறவர்கள் இந்த வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். தாடிக்கொம்பு ரோட்டில் காற்றுமழைக்கு முறிந்து விழுந்த ஒரு தென்னையின் பொந்திலிருந்து, குஞ்சாக இருக்கும்போதே அவள் புருஷன் இஷாக் எடுத்துவந்தது. கூட இருந்த இரண்டும் செத்துக் கிடந்தனவாம். இதற்கு ஒரு இறக்கை ஒடிந்திருந்தது. ஒடிந்த எலும்பு கோணலாகவே கூடிவிட்டதால் கட்டிலிலிருந்து தரைக்குக் குதிக்கிற அளவுக்குத்தான் அதற்குப் பறக்க வரும். மற்றபடி நடைதான். காலையில் கூண்டைத் திறந்துவிட்டால் முன்னறை, சமையற்கட்டு, பின்வாசல் என்று ஒரு சுற்று. காலை அகட்டி வைத்து, தலையைச் சாய்த்து, ஒரு செருப்பு திரும்பிக் கிடந்தால்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் நகரும். தாசில்தார் ஆய்வுக்கு வந்த மாதிரி இருக்கும். சாயங்காலம் வாசலில் இஷாக்கின் குரல் கேட்டுவிட்டால் "டீ போடு" என்று முஹ்சினாவுக்கு உத்தரவு போடும். கல்யாணமான நாளிலிருந்து இஷாக் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை அதிகாரமாகச் சொன்னதில்லை. அந்தக் குறையைத் துரை தீர்த்துவைத்தது. அந்த உத்தரவு நின்றுபோய் நாளாகிவிட்டது. இப்போது டீ போடும்போதெல்லாம் முஹ்சினா கூண்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

இஷாக் கடைவீதியில் சாம்பிராணி போடுகிறவர். இடது கையில் சங்கிலி கோத்த சட்டி, வலது கையில் மயிலிறகு விசிறி, தோள்பையில் தூள் டப்பா. மணிக்கூண்டில் ஆரம்பித்து ரத வீதிகளைச் சுற்றிக் கடைகடையாக ஏறி, கல்லாப்பெட்டிக்கும் தராசுக்கும் சுவரில் மாட்டிய படங்களுக்கும் புகை காட்டுவார். முருகன் படமா மாதா படமா என்றெல்லாம் அவர் புகைக்குப் பேதம் கிடையாது. முதலாளிமார் இரண்டு கையாலும் புகையை அள்ளி முகத்தில் ஒற்றிக்கொண்டு சில்லறை போடுவார்கள். சளி பிடித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் நடுரோட்டிலேயே அவரை நிறுத்துவார்கள். அவரும் குழந்தையின் தலைக்கு மேல் விசிறியைச் சுற்றி, வாய்க்குள் ஓதி ஊதிவிடுவார். குழந்தை தும்மும். தும்மினால் சளி கழன்றுவிட்டது என்று தாய்க்கும் திருப்தி, பாய்க்கும் திருப்தி. வெள்ளிக்கிழமை அவர் புகை படாவிட்டால் அந்த வாரம் யாவாரம் படுத்துவிடும் என்று நம்புகிற கடைக்காரர்கள் இருந்தார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அதனால்தான் முஹ்சினா தனியாகப் புறப்பட வேண்டியிருந்தது.

எல்லாம் ஐப்பசி அடைமழையில் ஆரம்பித்தது. மழையில்லாத நாளில் பின்வாசலில்தான் கரி பற்றவைப்பார்கள். மழை பிடித்துக்கொண்டால் அடுப்பு வீட்டுக்குள் வந்துவிடும். துரைக்குக் குளிர் ஆகாதே என்று கூண்டையும் அடுப்போரம் மாட்டியது முஹ்சினாதான். சாம்பிராணிக் கட்டிகளை அவள் உரலில் போட்டு இடிப்பதும் அதே மூலையில்தான். நாலைந்து நாளில் துரை தும்ம ஆரம்பித்தது. அப்புறம் குரல் கம்மியது. அப்புறம் ஆய்வுச் சுற்று நின்றது. சளிதான் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவுகட்டினார்கள். சளிக்கு என்ன வைத்தியம் என்று அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இஷாக் காலையில் கடைவீதிக்குக் கிளம்புமுன் முதல் புகையைத் துரைக்குக் காட்டினார். சாயங்காலம் வந்ததும் கடைசிப் புகையையும் அதற்கே காட்டினார். மூச்சு வாங்குவது கூடக்கூட அவரும் ஒரு சிட்டிகை தூளைக் கூட்டிப் போட்டார்.

வேறு வைத்தியமும் பார்க்காமல் இல்லை. கோழித்தீவனக் கடையில் கொடுத்த பொடியைத் தண்ணீரில் கலந்து வைத்தார்கள். துரை மோந்துகூடப் பார்க்கவில்லை. நாய்களுக்குப் பார்க்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார் இஷாக். அங்கே கிளிக்குப் பார்ப்பதில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். சொன்னதோடு விடாமல், பச்சைக்கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம், வெளியே கொண்டு திரியாதீர்கள், வனத்துறையில் பார்த்தால் கிளியும் போகும், அபராதமும் கட்ட வேண்டியிருக்கும் என்று பயம் காட்டியும் அனுப்பினார்கள். பழனியில் வாழ்க்கைப்பட்டிருந்த ருக்ஸாரும் போனில் அதையேதான் சொன்னாள். இஷாக் வெலவெலத்துப் போனார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்த வீட்டில் ஆஸ்பத்திரி என்ற பேச்சே எழவில்லை. இன்று காலையில் துரை கம்பியில் நிற்க மாட்டாமல் சரிந்து கீழே உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் முஹ்சினாவுக்குப் பயம் விட்டுப்போயிற்று. பிடித்துக்கொண்டு போனால் போகட்டும், உசிரோடு போகட்டும் என்று தோன்றியது. மாட்டாஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாள். இஷாக் மறுப்புச் சொல்லவில்லை. சட்டியில் கொஞ்சம் கூடவே தூவி, துரைக்கு நிதானமாக ஓதி ஊதிவிட்டு, சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

டப்பாவை ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் இறக்கி, மேலே ஒரு துண்டை மூடி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். வழியில் காக்கிச் சட்டை தெரிந்த இடத்திலெல்லாம் பையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அது பஸ் கண்டக்டர் சட்டையாக இருந்தாலும் அவளுக்கு வனத்துறையாகத்தான் தெரிந்தது.

மாட்டாஸ்பத்திரியில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் மாதிரி ஆடும் மாடும் மனுஷரும் ஒரே தாழ்வாரத்தில் நின்றார்கள். வாயில் நுரை தள்ளும் கறவை ஒன்றை மூங்கில் சட்டத்துக்குள் நிறுத்தியிருந்தார்கள். பெஞ்சில் முஹ்சினாவுக்குப் பக்கத்தில் கால் வீங்கிய வெள்ளாட்டோடு மூக்கையா என்ற விவசாயி உட்கார்ந்திருந்தார். பேச ஆள் கிடைத்தால் விடாத மனுஷர். பைக்குள் என்ன என்று கேட்டார். கோழிக்குஞ்சு என்றாள் முஹ்சினா. எத்தனை நாள் குஞ்சு, என்ன தீவனம் என்று அவர் அடுத்தடுத்துக் கேட்க, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவைத்தாள். அப்புறம் அவர் மூக்கை உறிஞ்சி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எங்கிருந்தோ சாம்பிராணி வாசம் கமகமவென்று வருகிறது, மாட்டுச் சாணி நாற்றத்துக்கு நடுவில் மனசுக்கு இதமாக இருக்கிறது என்றார். முஹ்சினாவும் மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவளுக்குச் சாணியும் பினாயிலும்தான் வந்தது. தலையாட்டிவைத்தாள்.

டாக்டர் பெயர் புவனேஸ்வரி என்று கதவில் எழுதியிருந்தது. ருக்ஸாரைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டே என்ன என்று கேட்டாள். கோழி என்று சொல்லி டப்பாவை மேஜையில் வைத்தாள் முஹ்சினா. டாக்டர் மூடியைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"கோழி நல்லாப் பச்சையா இருக்கேம்மா" என்றாள்.

முஹ்சினாவுக்கு அழுகை வந்துவிட்டது. இறக்கை ஒடிந்தது, பறக்காது, விற்க வாங்கவில்லை, மழையில் கிடந்ததை எடுத்து வளர்த்தோம், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், முதலில் இதைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று ஒரே மூச்சில் கொட்டினாள். டாக்டர் திட்டவில்லை. வளர்க்கக் கூடாதுதான் என்றும், இறக்கை இப்படிக் கூடிப்போனது வெளியே விட்டாலும் பிழைக்காது என்றும், வனத்துறைக்குச் சொல்ல வேண்டியதைத் தானே எடுத்துச் சொல்வதாகவும் சொன்னாள். சொல்லிக்கொண்டே கை துரையைத் துண்டோடு சேர்த்துத் தூக்கிவிட்டது. நல்ல நாளாக இருந்தால் அந்த விரலைத் துரை சும்மா விட்டிருக்காது. இப்போது தலை மட்டும் துண்டுக்கு வெளியே தொங்கியது.

குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து விடுகிற பதத்தில் டாக்டர் எல்லாம் செய்தாள். சின்னப் புனலில் பஞ்சு கட்டி மூக்கருகே பிடித்து, சிலிண்டரிலிருந்து காற்று விட்டாள். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். அப்புறம் கேள்விகள். என்ன தீனி, எங்கே கூண்டு, பக்கத்தில் புறா வளர்க்கிறார்களா, சமைக்கும்போது பாத்திரம் கருகியதா. வீட்டில் பீடி, சிகரெட், கொசுவர்த்தி, எந்தப் புகையாவது உண்டா என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றாள் முஹ்சினா. சத்தியமாகத்தான் சொன்னாள். இஷாக் பீடி பக்கம் போனதில்லை. கொசுவர்த்திப் புகை அவளுக்கே ஆகாது.

டாக்டர் நிமிர்ந்து, அவள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாள்.

"உங்க சேலையில இருந்து வருதே. ரூம் பூரா வருது."

"அது சாம்பிராணிங்க" என்றாள் முஹ்சினா. அவள் குரலில் பெருமைகூட இருந்தது. வீட்டுக்காரர் யார், என்ன தொழில், எந்தெந்தக் கடை என்று விளக்கி, துரைக்குச் சளி பிடித்ததிலிருந்து காலையும் மாலையும் தவறாமல் போட்டுவருவதையும் சொன்னாள். கூண்டை அடுப்போரம் கதகதப்பாக வைத்திருப்பதையும் சொன்னாள். எதிரே டாக்டரின் முகம் மாறிக்கொண்டே போனதை அவள் கவனித்ததே கடைசியில்தான்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். நம்மைப் போல அல்ல, கிளிக்கு நுரையீரலோடு நெஞ்சிலும் வயிற்றிலும் காற்றுப் பைகள் உண்டு, உள்ளே போகிற புகை அங்கெல்லாம் போய்ப் படியும், நமக்கு வாசமாகத் தெரிவது அதற்கு விஷம் என்று பொறுமையாகச் சொன்னாள். கரிப்புகை, இடிக்கிற தூசி, தூபம் எல்லாம் ஒன்றுதான். துணியில், தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வருவதுகூட இப்போதைக்கு ஆகாது. சொட்டு மருந்து தருகிறேன், திங்கட்கிழமை கொண்டுவாருங்கள். பிழைக்குமா என்று கேட்டாள் முஹ்சினா.

"சுத்தமான காத்துல இருந்தா வாய்ப்பு இருக்கும்மா. இன்னொரு தடவை நெஞ்சு நிறையப் புகை போச்சுன்னா தாங்காது. அத மட்டும் நல்லா மனசுல வச்சுக்குங்க."

வெளியே வந்து தாழ்வாரத்துத் தூணோரம் நின்று, முஹ்சினா முந்தானையை மூக்கில் வைத்து இழுத்தாள். சோப்பு வாசம் இருந்தது. தேங்காய் எண்ணெய் இருந்தது. சாம்பிராணி இல்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த வாசம் எப்படி இருந்தது என்று யோசித்தாள். தலை கிறுகிறுக்கிற மாதிரி, பள்ளிவாசலுக்குள் குடியேறிவிட்ட மாதிரி இருந்தது என்று வார்த்தையாகத்தான் ஞாபகம் வந்தது. வாசம் வரவில்லை. ஊருக்கே தெரிகிற ஒன்று தங்கள் இரண்டு பேர் மூக்குக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அவமானமாக இருந்தது. உரலில் இடித்தது என் கைதானே, கூண்டை அங்கே கொண்டுபோய் மாட்டியது என் கைதானே என்று ஆட்டோவில் வழியெல்லாம் மனசு அரற்றிக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைப் பக்கத்து வீட்டுச் சகாயசெல்வியிடம் கொடுத்துவிட்டு, சேலையை மாற்றி, தலைக்கு ஊற்றிக்கொண்டு வேலையில் இறங்கினாள். கரி மூட்டை, உரல், உலக்கை, சாம்பிராணிச் சாக்கு எல்லாம் பின்வாசலுக்குப் போயின. மேலே தார்ப்பாயை இழுத்து மூடினாள். சன்னலெல்லாம் திறந்தாள். தரையை இரண்டு தரம் கழுவினாள். சுவரைத் துடைத்தபோது துணியில் மஞ்சளாகப் பிசின் மாதிரி வந்தது. அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். அலமாரி, படுக்கை, தொங்கும் சட்டை, இந்த வீட்டில் எது அந்தப் புகையில் ஊறாதது? வீடு போகட்டும், கழுவலாம். அந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கிட்டே போகக் கூடாதாம், ஒட்டுவாரொட்டியாம் என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். சொன்னால் கேட்டுக்கொள்வார். ஆனால் தூரத்தில் நின்று புகை காட்டுவார். பிரியம் கூடக்கூடத் தூளைக் கூட்டுகிற ஆள். உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும். தான் காப்பாற்றுவதாக நினைத்து ஊதிய ஒவ்வொரு ஊதலும் அதன் கழுத்தை நெரித்தது என்று கேட்டால் அவர் என்ன ஆவார் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. கடைவீதியில் அவருக்கு இருந்த மரியாதை முழுக்க அந்தப் புகைக்குள்தான் இருந்தது.

பொழுது சாய்ந்ததும் துரையை வாங்கிவந்து கூண்டுக்குள் விட்டாள். அந்திநேரத்து மஃரிபு தொழுகை முடிந்த கையோடு இஷாக் வந்துவிட்டார். வாசலிலிருந்தே உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். ரத வீதியில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கும் மொக்கைச்சாமியிடம் துரையின் நிலைமையைச் சொன்னாராம். அவர் உள்ளே போய், சாமிக்கென்று எடுத்துவைத்திருந்த உயர்ந்த சாம்பிராணியில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாராம். இஷாக் வாசற்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டிக் கரியை ஊதிக் கனல வைத்து, பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி தூவினார். வெள்ளையாகப் புகை எழுந்தது. அதை விசிறிக்கொண்டே உள்ளே கால் வைத்தார். முஹ்சினா இரண்டு கையையும் நிலைப்படியில் ஊன்றிக் குறுக்கே நின்றாள்.

"சட்டியோட உள்ள வராதீங்க."

அவர் சிரித்தார். கழுவி விட்டிருக்கிறாள், கால் படக் கூடாதென்கிறாள் என்று நினைத்திருப்பார். ஓரமாகப் போகிறேன் என்றார். அவள் நகரவில்லை.

"பொகைதாங்க. நம்ம பொகைதான் அதுக்கு மூச்ச அடைக்குதாம். இன்னொரு தடவ போட்டா தாங்காதாம்."

இஷாக்குக்கு முதலில் அது விளங்கவே இல்லை. விளங்கியதும் கோபம் வந்தது. மாட்டுக்கு ஊசி போடுகிறவர்களுக்குச் சாம்பிராணியைப் பற்றி என்ன தெரியும் என்றார். மழையில் நனைந்து வந்த எருமைக்கும் இதைத்தானே போடுகிறார்கள் என்றார். பிள்ளை பெற்ற வீட்டில் போடுவதில்லையா, குளித்த தலைக்குக் காட்டுவதில்லையா என்று அடுக்கினார். முஹ்சினா டாக்டர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். காற்றுப் பை, தூசி, துணி, முடி எல்லாவற்றையும் சொன்னாள். ஆட்டுக்காரருக்கும் டாக்டருக்கும் தெரிந்த வாசம் தனக்குத் தெரியாமல் போனதையும் சொன்னாள்.

"எம்புட்டுப் புள்ளைகளுக்கு ஓதி ஊதியிருக்கேன்" என்று ஆரம்பித்தார் இஷாக். அவர் கண் எங்கோ போயிற்று. தும்மிய குழந்தைகள் ஒவ்வொன்றாக அவர் முன்னால் வந்து போகின்றன என்று முஹ்சினாவுக்குத் தெரிந்தது.

"அப்ப அந்தப் புள்ளைக தும்முனதும் இதுதானா?"

அதை டாக்டரிடம் கேட்கவில்லையே என்று முஹ்சினாவுக்குத் தோன்றியது. அவர் கையிலிருந்த சட்டி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். தாடியைத் தடவினார். சாயங்காலமானால் துரை தோளில் ஏறி உட்கார்ந்து, மருதாணி போட்டுச் சிவந்த அந்தத் தாடியை இழை இழையாகக் கோதிவிடும். அதையும் சேர்த்துத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். திரும்பி, சந்து முக்கில் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீரில் சட்டியைக் கவிழ்த்தார். சுர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. அப்படியே நடந்து போய்விட்டார்.

ராத்திரி பள்ளிவாசலிலேயே படுத்துக்கொள்வதாகப் போனில் சொன்னார். காலையிலும் வரவில்லை. சகாயசெல்வியின் வீட்டுக்காரர் கடைவீதிக்குப் போய்வந்து, பாயை அந்தப் பக்கமே காணவில்லை, கடைக்காரர்கள் கேட்கிறார்கள் என்றார். தன்மேல் கோபமோ என்று முஹ்சினாவுக்கு ஒரு பக்கம் கவலை. தொழிலே வேண்டாம் என்று எங்காவது உட்கார்ந்துவிட்டாரோ என்று இன்னொரு பக்கம். ருக்ஸார் போனில், கொஞ்ச நாளைக்குத் துரையை என் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றாள். அவள் வீட்டில் இரண்டு பூனை இருந்தது. பூனையைக் கட்டிப்போடுவேன் என்றாள். பூனையைக் கட்டிப்போட்டு வளர்க்கிற வீட்டை உலகத்திலேயே நான் பார்த்ததில்லை என்று சொல்லி முஹ்சினா போனை வைத்தாள். துரை சொட்டு மருந்தைக் குடித்தது. ஆயக்குடிக் கொய்யாவில் ஒரு துணுக்கை அலகில் வாங்கி, வெகுநேரம் வைத்திருந்து, தின்றது. கம்பியில் ஏறி நின்றுகொண்டது. வால் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுப் போய்த் திறந்தாள். வெளியே மொட்டைத் தலையோடு ஒருவர் நின்றார். புதுச் சட்டை, புதுக் கைலி, மடிப்புக் கலையாமல் இருந்தது. பழனிக்குப் போய்த் திரும்புகிற யாரோ வீடு தெரியாமல் வந்துவிட்டார் என்று நினைத்து, யார் வேண்டும் என்று கேட்கப் போனாள். அப்புறம்தான் கண்ணைப் பார்த்தாள்.

தலை மட்டுமல்ல, தாடியும் போயிருந்தது. கல்யாணப் பந்தலில் முதன்முதலாகப் பார்த்தபோதே தாடியோடு இருந்தவர். அந்த முகத்தின் கீழ்ப்பாதியை முஹ்சினா இன்றைக்குத்தான் பார்க்கிறாள். மோவாய் சின்னதாக, நடுவில் ஒரு குழியோடு இருந்தது. ருக்ஸார் பிறந்தபோது இந்த மோவாய் யாரைக் கொண்டிருக்கிறது என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் கூடிப் பேசி, கடைசிவரை முடிவாகாமலே போனது. முஹ்சினா வாயைப் பொத்திக்கொண்டாள். இஷாக்குக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். மோவாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினார்.

சட்டி, தூள், பழைய துணி எல்லாவற்றையும் மொக்கைச்சாமி கடையின் பின்கட்டில் வைத்துவிட்டாராம். இனிமேல் கரி பற்றவைப்பதும் அங்கேதான், இடிப்பதும் அங்கேதான். தினமும் வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் குளியலறையில் குளித்து, வேறு துணி உடுத்திக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாராம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், புகை வேண்டாம் தாயி, ஓதி மட்டும் விடுகிறேன் என்று சொல்லப்போகிறாராம். பஸ் ஸ்டாண்டுச் சலூனில் உட்கார்ந்ததும் முடி இறக்குகிற பையன், வேண்டுதலா பாய் என்று கேட்டானாம். ஆமாம் என்று சொல்லிவிட்டாராம்.

"தாடியவுமா எடுக்கணும்? பள்ளிவாசல்ல கேப்பாங்களே" என்றாள் முஹ்சினா.

"முடியிலயும் நிக்கும்னு டாக்டரம்மா சொன்னதா நீதான சொன்ன. தாடி வளந்துரும்."

அவர் உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இரண்டு கையையும் மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். சட்டைக் கைக்குள் முகத்தைப் புதைத்து இழுத்தார். பிறகு தலையைக் குனிந்து அவளிடம் காட்டினார்.

"நீ மோந்து சொல்லு. இன்னும் வருதா?"

அந்த மனுஷரின் மொட்டைத் தலையில் முஹ்சினா மூக்கை வைத்தாள். படிகாரம் வந்தது. சிவப்பு சோப்பு வந்தது. அதற்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். கழுத்தடியில் இழுத்தாள், உள்ளங்கையில் இழுத்தாள். இல்லை என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் குனிந்தபடியே நின்றார். ஆனால் பொய்யாகிவிட்டால் உள்ளே இருக்கிற உசிருக்கு ஆபத்து. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"எனக்குத் தெரியலங்க" என்றாள்.

இஷாக் தலையாட்டினார். கோபமில்லை. அப்படியே வெளிப்படியில் உட்கார்ந்தார். முஹ்சினா உள்ளே போய்க் கூண்டை எடுத்துவந்து, நிலைப்படிக்கு உள்பக்கம், காற்று வெளியே போகிற வாக்கில் வைத்தாள். துரை கழுத்தை நீட்டி ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது. பிறகு கம்பியில் பக்கவாட்டாக ஒவ்வொரு அடியாக நகர்ந்து, நின்று மூச்சு வாங்கி, மறுபடி நகர்ந்து, அவர் இருந்த பக்கத்து ஓரத்துக்கு வந்து கம்பிகளுக்கு நடுவே அலகை நீட்டியது.

இஷாக் விரலைக் கொடுக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முகத்தை மட்டும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனவர், ஏதோ ஞாபகம் வந்தவராக வாயை இறுக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டார். துரையின் வால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்து மூச்சை விட்டு, இழுத்து, மறுபடி அடக்கிக்கொண்டு கூண்டின் பக்கம் திரும்பினார்.